விச்சிட்டாவின் வெள்ளி விமானம்

நான் வேலை செய்யும் தொழிற்சாலை சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் என்னை இரண்டு வாரப் பயிற்சிக்காக அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகருக்கு அனுப்பியது. விமானப் பாகங்களுக்குத் துளையிட்டு, தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளாகிய ரிவெட் அடிப்பதே ரொறன்ரோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பிழைப்பு. செஸ்னாவும் பீச்கிராஃப்டும் தோன்றிய விச்சிட்டா, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒரு தலம். மற்றவர்கள் சனிக்கிழமையைக் கடைத்தெருவில் கழிக்கப் புறப்பட்டபோது, நான் ஐசனோவர் விமான நிலையத்தின் ஓரத்தில் உள்ள ஒரு ஹேங்கரை, அதாவது விமானக் கொட்டகையை, தேடிச் சென்றேன். 'டொக்' என்று பெயரிடப்பட்ட பி-29 ரகக் குண்டுவீச்சு விமானம் அங்கே இருக்கிறது என்பதும், உலகில் இன்றும் பறக்கும் நிலையில் உள்ள இரண்டே பி-29 விமானங்களில் அது ஒன்று என்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதைப் பார்க்க விரும்பியதற்கு என் தொழில் மட்டும் காரணமன்று.

என் அப்பப்பா திருகோணமலைக்காரர். 1944 இல் சீனக்குடா விமானத்தளத்தின் ஓடுபாதையை நீட்டும் வேலையில் கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஓடுபாதையில் ஒருநாள் பனைமரத்தையும் விட நீளமான வெள்ளி விமானங்கள் வரிசையாக வந்து இறங்கியதாகவும், சில நாட்களில் அவை எல்லாம் போய்விட்டதாகவும் அவர் சொல்லுவார். வயதானவர்கள் சொல்லும் கதை என்று சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். பிற்காலத்தில் படித்தபோதுதான் அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று அறிந்தேன். 1944 ஆகஸ்ட் 10 ஆம் தேதி மாலை சீனக்குடாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்கப் புறப்பட்டன. போக வர ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரின் மிக நீண்ட தாக்குதல் பறப்புகளில் அதுவும் ஒன்று. இத்தனை பெரிய ஏற்பாட்டுக்குக் கிடைத்த பலனோ சொற்பம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெரிய சேதம் ஏற்படவில்லை. அங்குள்ள மூசி ஆற்றில் போடப்பட்ட கண்ணிவெடிகளே ஓரளவு பயன் தந்தன. திரும்பி வரும் வழியில் எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் கடலில் இறங்கியது.

பனைமரத்தை விட நீளம் என்று அப்பப்பா சொன்னதும் மிகையன்று என்பது ஹேங்கருக்குள் நுழைந்தவுடன் விளங்கியது. நுனி முதல் வால் வரை 30 மீட்டர், சிறகு முனையிலிருந்து முனைக்கு 43 மீட்டர். வண்ணம் பூசாத அலுமினியம் மெருகேற்றப்பட்டுக் கண்ணாடி போலப் பளபளத்தது. நான் முதலில் பார்த்தது விமானத்தின் அழகை அன்று, ரிவெட்டுகளின் வரிசையை. தொழில் வழக்கம் அப்படி. உருண்டு வளையும் மூக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள், தலை தகட்டோடு தகடாக அமர்ந்து, வரிசை பிசகாமல் ஓடின. அவற்றில் எவை 1945 இல் அடிக்கப்பட்டவை, எவை 2000 க்குப் பின் அடிக்கப்பட்டவை என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றேன்.

பி-29 அவசரத்தில் பிறந்த விமானம். அதன் கதையை இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. உயரத்தில் ஆட்கள் மூச்சுத் திணறாமல் இருக்க அழுத்தமூட்டப்பட்ட அறைகள், குண்டறைகளுக்கு மேலாக முன்னறையையும் பின்னறையையும் இணைத்து ஆள் தவழ்ந்து போகும் ஒரு சுரங்கக் குழாய், துப்பாக்கிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் கணிப்பான்கள் என்று ஒவ்வொன்றும் அந்நாளில் புதுமை. அத்தனை புதுமையையும் ஒரே நேரத்தில், போர் நெருக்க, முற்றாகச் சோதித்துப் பார்க்காமலே தயாரிப்புக்கு விட்டார்கள். மிகப் பெரிய தலைவலி எஞ்சின். ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 எஞ்சினில் பதினெட்டு சிலிண்டர்கள் இரண்டு வளையங்களாக அமைந்திருக்கும், 2,200 குதிரைத்திறன். எடையைக் குறைக்க அதன் உறையில் மக்னீசியத்தைச் சேர்த்திருந்தார்கள். மக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது அரிது. பின்வளையத்துச் சிலிண்டர்களுக்குக் காற்று போதாமல் சூடேறி எஞ்சின் எரிவது வழக்கமாயிற்று. 1943 பெப்ரவரி 18 ஆம் தேதி, இரண்டாவது மாதிரி விமானம் எஞ்சின் தீயோடு சியாட்டில் நகரின் ஓர் இறைச்சித் தொழிற்சாலை மீது விழுந்தது. போயிங்கின் தலைசிறந்த சோதனை விமானி எடி அலனும் அவருடன் இருந்த பத்துப் பேரும் இறந்தார்கள்; தரையில் இருந்தவர்களும் பலர் இறந்தார்கள்.

அதன் பிறகும் அவசரம் குறையவில்லை. 1944 மார்ச்சில், ஆசியாவுக்கு அனுப்ப வேண்டிய விமானங்களில் ஒன்றுகூடப் புறப்படும் நிலையில் இல்லை என்று தெரிந்ததும், போயிங்கின் விச்சிட்டா தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்களைப் பல தளங்களுக்கும் கொண்டு போய், பனி கொட்டும் திறந்த வெளியில் இரவும் பகலும் திருத்த வேலை செய்வித்தார்கள். 'கான்சாஸ் சண்டை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அப்பப்பா கண்ட வெள்ளி விமானங்களில் பல அந்தப் பனியில் விறைத்த விரல்களால் திருத்தப்பட்டவையாகவே இருக்க வேண்டும். விச்சிட்டாவில் மட்டும் 1,644 பி-29 விமானங்கள் கட்டப்பட்டன.

டொக் அவற்றில் ஒன்று. 1945 மார்ச்சில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்களத்தைப் பார்த்ததே இல்லை. 1950களில் ராடார் நிலையங்களின் அளவீட்டைச் சரிபார்க்கும் அணியில் பறந்தது. அந்த அணியின் விமானங்களுக்கு ஸ்னோ வைட் கதையின் பாத்திரங்களது பெயர்களைச் சூட்டியிருந்ததால்தான் இதற்கு டொக் என்ற பெயர். பின்னர் சிறிது காலம் பீரங்கிப் பயிற்சிக்கான இலக்கை இழுத்துச் சென்றது. 1956 இல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், சைனா லேக் என்னும் கடற்படை ஆயுதச் சோதனைக் களத்தில் தானே ஓர் இலக்காக நிறுத்தப்பட்டது. சீனக்குடாவில் தொடங்கிய என் குடும்பக் கதை சைனா லேக்கில் வந்து நின்றதை நினைத்து நான் தனியே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அதன் கூட்டாளிகள் குண்டு பட்டு உருக்குலைந்து போக, டொக் எப்படியோ பெரிய அடி படாமல் நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெயிலில் நின்றது.

1987 இல் அதைக் கண்டுபிடித்தவர் கிளீவ்லாந்தைச் சேர்ந்த டோனி மஸோலினி. கண்டுபிடித்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. அரசிடமிருந்து ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தைப் பெறுவது இலகுவன்று. பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு பி-25 விமானத்தைத் தேடித் திருத்திக் கொடுத்தால்தான் இதைத் தருவோம் என்றார்கள். ஒரு விமானத்தைத் திருத்துவதற்கான உரிமையைப் பெற இன்னொரு விமானத்தைத் திருத்த வேண்டும்! அதையும் செய்தார். 1998 இல் டொக் குண்டுக்களத்திலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. பாலைவனத்திலேயே திருத்திப் பறக்கவிடலாம் என்ற நினைப்பு, வேலையின் அளவு தெரிந்ததும் மறைந்தது. 2000 ஆம் ஆண்டில் சிறகு வேறு, உடல் வேறு எனக் கழற்றப்பட்டு, லொறிகளில் ஏறி, பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தது.

பிறந்த ஊரில் என்ன காத்திருந்தது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. விச்சிட்டாவில் விமானத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. தகடு வளைப்பவர், கம்பி இணைப்பவர், ஹைட்ராலிக் குழாய் பொருத்துபவர், எஞ்சின் அறிந்தவர், வரைபடம் வாசிப்பவர் என்று நாற்பது ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்து கை பழகியவர்கள் சம்பளமின்றி வந்து நின்றார்கள். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த சிலரும் வந்தார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டியைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. மெக்சிக்கோ வம்சாவளியைச் சேர்ந்த அவர், பதினெட்டு வயதில் போயிங்கில் சேர்ந்து பி-29 விமானங்களின் மூக்குப் பகுதிக்கு ரிவெட் அடித்தவர். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று ரிவெட் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிக்க, மற்றவர் உள்ளே இருந்து ஓர் இரும்புக் கட்டையை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும்; அடியின் வேகத்தில் வால் நசுங்கிப் பரவுவதே பிடிப்பு. கறுப்பினப் பெண் ஒருவரோடு இணை சேர மற்றவர்கள் மறுத்தபோது, நான் சேர்கிறேன் என்று இவர் முன்வந்தாராம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து டொக் விச்சிட்டாவுக்கு வந்ததும், அதே மூக்குப் பகுதியில் வேலை செய்ய அவர் திரும்பி வந்தார். அன்று அடித்த ரிவெட்டுகளில் பெரும்பாலானவை மாற்றத் தேவையில்லாமல் நல்ல நிலையில் இருந்தன. இந்தச் செய்தியைப் படிக்கும்போது என் தொழிற்சாலையில் நான் அடித்துத் திருப்பி அனுப்பப்பட்ட ரிவெட்டுகள் நினைவுக்கு வந்து சற்று வெட்கமாகவும் இருந்தது.

ரிவெட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்தும்போது அது புதிதாகக் கட்டுவதை விடக் கடினமானது. புதிய தகட்டில் நாம் விரும்பிய இடத்தில் துளையிடலாம். பழைய விமானத்தில் துளை ஏற்கெனவே இருக்கிறது. பழைய ரிவெட்டின் தலையை நடுப்பிசகாமல் துளைத்து எடுக்க வேண்டும். கை நடுங்கி அரை மில்லிமீட்டர் விலகினால் துளை நீள்வட்டமாகி, அடுத்த அளவு பெரிய ரிவெட் தேவைப்படும். அப்படி இரண்டு மூன்று முறை நேர்ந்தால் துளை தகட்டின் ஓரத்தை நெருங்கிவிடும். அதன் பிறகு தகட்டையே மாற்ற வேண்டியதுதான். தகட்டைக் கழற்றினால் அதன் அடியில் உள்ள விலா எலும்பு போன்ற சட்டத்தில் அரிப்புத் தெரியும்; சட்டத்தைக் கழற்றினால் அதைத் தாங்கும் இணைப்பில் வெடிப்புத் தெரியும். ஒரு நாள் வேலை என்று தொடங்கியது ஒரு மாதத்தை விழுங்கும். பாலைவனத்தின் வறண்ட காற்று அலுமினியத்தைக் காப்பாற்றியிருந்தாலும் ரப்பரையும் கம்பி உறைகளையும் வெயில் விட்டுவைக்கவில்லை. எலிகளும் பறவைகளும் கூடு கட்டி இட்ட எச்சம், மழையை விட மோசமாகத் தகட்டை அரிக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. வாலிலும் சிறகிலும் அசையும் பகுதிகள் உலோகத் தகடன்று, சட்டத்தின் மேல் போர்த்தி இறுக்கிய துணி. அவற்றுக்குத் தையலும் பூச்சும் தெரிந்த கைகள் வேண்டும். இப்படியே பதினாறு ஆண்டுகள் போயின. இலட்சக்கணக்கான மணி நேர உழைப்பு என்கிறார்கள். வேலையைப் பார்த்த எனக்கு அது வியப்பாக இல்லை.

எஞ்சின்களைப் பொறுத்தவரை அவர்கள் அசலைப் போற்றிக்கொண்டிருக்கவில்லை. போர்க்கால ஆர்-3350 எஞ்சினை அப்படியே பொருத்தினால் அதன் தீப்பிடிக்கும் குணமும் சேர்ந்தே வரும். ஆகவே போருக்குப் பின் திருந்திய வடிவங்களின் பாகங்களைக் கலந்து கட்டிய எஞ்சின்களே இன்று டொக்கில் உள்ளன. இதை மரபுப் பிழை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், 1944 இல் நேரமின்றி விட்டுவைத்த பிழையை இப்போது நேரமெடுத்துத் திருத்தியிருக்கிறார்கள், அவ்வளவே. அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்துக்கு அசல் பாகம் அழகு. மேலே ஆட்களை ஏற்றிச் செல்லும் விமானத்துக்கு எரியாத எஞ்சினே அழகு.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திருத்துநர்கள் மத்தியில் எல்லோரும் சொல்லும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1947 பெப்ரவரியில் கிரீன்லாந்தின் வடக்கே உறைந்த ஏரியில் இறங்கிய 'கீ பேர்ட்' என்ற பி-29, கிட்டத்தட்ட முழுமையாகப் பனியில் கிடந்தது. 1994 இல் டேரில் கிரீனமயர் என்ற விமானியின் தலைமையில் ஒரு சிறு குழு அங்கேயே போய், புதிய எஞ்சின்களும் புரொப்பெல்லர்களும் பொருத்தி, பறந்தே வெளியேற முயன்றது. குளிர் முந்திக்கொண்டது, தலைமைப் பொறியாளர் நோயுற்று இறந்தார். மறு ஆண்டு மே மாதம் திரும்பிப் போனார்கள். பறப்புக்காக உறைபனியின் மீது ஓட்டிக்கொண்டிருந்தபோது, வால் பக்கம் இருந்த துணை மின்னியந்திரத்தின் எரிபொருள் சிந்தித் தீப்பிடித்து, விமானம் எல்லோர் கண் முன்னாலும் எரிந்தது. ஆட்கள் தப்பினார்கள். ஹேங்கரில் என்னோடு பேசிய தன்னார்வலர் ஒருவர் கீ பேர்டின் பெயரைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார், இறந்த உறவினரைப் பற்றிப் பேசுவது போல.

விச்சிட்டாவிலும் எல்லாம் நேராகப் போகவில்லை. இடையில் பணமும் இடமும் இல்லாமல் வேலை தேங்கிய ஆண்டுகள் உண்டு. 2013 இல் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற ஜெஃப் டர்னர் முதலானோர் 'டொக்ஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கிய பிறகே வேலை மீண்டும் விரைவு பெற்றது. 2016 ஜூலை 17 ஆம் தேதி, மக்கோனல் விமானப்படைத் தளத்திலிருந்து டொக் எழுந்து பறந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் நடந்த அந்த முதற்பறப்பு ஏழே நிமிடங்கள். மறு ஆண்டு ஒஷ்கொஷ் விமானக் கண்காட்சியில், பறக்கும் மற்றொரு பி-29 ஆகிய 'ஃபிஃபி'யோடு சேர்ந்து பறந்தது. ஃபிஃபியும் அதே சைனா லேக் களத்திலிருந்து மீட்கப்பட்டதுதான். 1971 இல் அதை டெக்சாஸுக்குப் பறந்தே கொண்டு போய்விட்டார்கள்.

இதையெல்லாம் நான் மகிழ்ச்சியோடு மட்டும் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். 1990களின் முதற்பாதியில் நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்களுக்கு 'பொம்பர்' என்பது அருங்காட்சியகச் சொல் அன்று. சத்தத்தைக் கேட்டே எது பொம்பர், எது சகடை என்று நாங்கள் அழைத்த போக்குவரத்து விமானம் என்று பிரித்தறிந்து பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கிய பிள்ளைகள் நாங்கள். பி-29 செய்ததையும் நான் அறிவேன்: 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவைக் கொளுத்தியவை இவை, ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போனவையும் இவையே. குண்டறையின் கதவருகே நின்று மேலே பார்த்தபோது, குண்டுகளைத் தொங்கவிடும் இரும்புச் சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அங்கே சற்று நேரத்துக்கு மேல் நிற்க என்னால் இயலவில்லை. என்னை அழைத்துச் சென்ற முதியவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை என்றேன், புரியவில்லை. சைனா பே என்று சீனக்குடாவின் ஆங்கிலப் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். பலெம்பாங் பறப்பைப் பற்றி என்னை விட விரிவாக அவருக்குத் தெரிந்திருந்தது. ஓடுபாதையின் நீளம் எத்தனை அடி என்று அவரே சொன்னார்: 7,200. அதில் சில அடி என் அப்பப்பாவின் தலைச்சுமை என்றேன். அவர் பதில் சொல்லாமல், கதவருகே கிடந்த ஒரு நாற்காலியைக் காட்டி, உட்காரலாம் என்று சைகை செய்தார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மாலையில் எஞ்சின்களை ஓட்டிச் சரிபார்க்கும் வேலை இருந்தது. ஒவ்வொரு எஞ்சினின் அடியிலும் எண்ணெய் பிடிக்கும் தட்டு வைத்திருந்தார்கள். நட்சத்திர வடிவ எஞ்சின் எண்ணெய் சொட்டுவது அதன் இயல்பு, சொட்டாவிட்டால்தான் எண்ணெய் தீர்ந்ததோ என்று பயப்பட வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது அந்த எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் வடிந்து தேங்கும். அப்படியே எஞ்சினை முடுக்கினால், அழுத்த முடியாத எண்ணெய் மீது பிஸ்டன் மோதி இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே தொடங்கும் முன் புரொப்பெல்லரைக் கையாலேயே சுற்றிவிட வேண்டும். நான்கு தகடுகளும் சேர்ந்து ஐந்து மீட்டர் விட்டம். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்று, தகட்டைப் பிடித்துத் தள்ளியபடி நடந்து, அடுத்தவர் கைக்கு விட்டு, சுற்றி வந்து அடுத்த தகட்டைப் பிடித்தார்கள். ஓய்வு பெற்ற ஒருவர் உரக்க எண்ணினார். ஹேங்கரில் வேறு சத்தமில்லை. உள்ளே எங்கோ வால்வுகள் திறந்து மூடும் மெல்லிய மூச்சு மட்டும் கேட்டது.

மூன்றாவது எஞ்சினில், எட்டு என்று எண்ணியபோது தகடு கொஞ்சம் இறுகியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. தள்ளியவரின் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது. உடனே கையை எடுத்துவிட்டார்கள். பலங்கொடுத்துத் தள்ளிப் பார்ப்போம் என்று யாரும் சொல்லவில்லை. நான்கு எஞ்சின்களிலும் சேர்த்து எழுபத்திரண்டு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டாக 144 தீப்பொறிப் பிளக்குகள். அவற்றில் அந்த எஞ்சினின் கீழ்ப்பக்கத்துப் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். ஒருவர் ஏணி எடுக்கப் போனார். இன்னொருவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார். கூடிநின்ற நாங்கள் காத்திருக்கலாமா, போய்விடலாமா என்று கேட்டோம். இருட்டும் வரை ஆகலாம், விரும்பினால் கோப்பி ஊற்றி வைத்திருக்கிறோம், குடியுங்கள் என்றார்கள்.